டீக்கு அப்புறம் சொல்லு

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா? எனக்குச் சத்தமாகப் பேச வராது. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை. பழக்கம் கிடையாது, அவ்வளவுதான்.

செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்தேன். உட்கார இடம் கிடைத்தது. பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் கண் அயர்ந்துவிட்டது. இந்த வாரம் முழுக்க இப்படித்தான். படுத்தால் தூக்கம் வருவதில்லை. எங்காவது உட்கார்ந்தால் வந்துவிடுகிறது.

நான் வந்த காரியம் சின்னது. மோசஸை விட்டுவிடுங்கள். கிரேன் அவன் கையில் இருந்தது, அருணகிரி அதன் கீழே செத்தார், ஆகவே அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்த ரோப் அறும் என்று அன்றைக்கு மத்தியானமே எனக்குத் தெரியும். தன் ஆட்களுக்கு ஒன்று என்றால் பொறுப்பேற்க வேண்டியவன் தலைவன். மோசஸ் இப்போது என் ஷிப்டில் இல்லை. இருந்தாலும் ஒரு காலத்தில் என் ஆள்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஃபாக்டரி கருங்குழிக்கு இந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோடிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கார்களுக்கான தகடு பாகங்களை பிரஸ்ஸில் அடித்துக் கொடுப்பது தொழில். பெரிய முதலாளி ஆரம்பித்த காலத்திலிருந்து நான் இருக்கிறேன். காலை ஷிப்ட் என்னுடையது. மத்தியான ஷிப்ட் அருணகிரியுடையது. அவர் கருங்குழிக்காரர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு பிரஸ் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, ஷிப்டுக்குத் தலைமை தாங்கும் வரைக்கும் வந்தவர். நல்ல வேலைக்காரர். வாய்தான் மோசம். ஷிப்ட் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் கேன்டீன் வரைக்கும் கேட்கும். பெற்றவர்களை இழுக்காமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது.

நான் ஒருவரையும் திட்டியதில்லை. 'டா' போட்டதுகூடக் கிடையாது.

போன வருஷம் பெரிய முதலாளி ஒதுங்கிக்கொண்டு, மகன் ஷ்யாம் பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டில் படித்த பையன். புரொடக்‌ஷன் மேனேஜர் ஓய்வு பெற இருந்தார். அந்த நாற்காலிக்கு நாங்கள் இரண்டு பேர். வயதைப் பார்த்தோ வருஷத்தைப் பார்த்தோ தரப்போவதில்லை, இரண்டு பேரும் ஆட்களை நடத்தும் முறையை ஒப்பிட்டுப் பார்த்து எது சரி என்று முடிவு செய்வேன் என்றார் ஷ்யாம். யார் ஜெயிக்கிறாரோ அவருடைய முறைதான் இனி ஃபாக்டரி முழுக்க என்றும் சொன்னார். எனக்கு மகிழ்ச்சிதான். இத்தனை வருஷம் நான் செய்ததை யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதலில் எங்களை மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப்போனார்கள். இரண்டு ஷிப்டிலிருந்தும் சில பேர். சென்னையிலிருந்து பிரதீபா என்று ஒரு பெண் வந்து தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுத்தார். அதட்டி வேலை வாங்குகிறவர், கலந்து பேசி வேலை வாங்குகிறவர், விட்டுப் பிடிக்கிறவர் என்று பலகையில் எழுதினார். நன்றாகத்தான் பேசினார். சாயந்திரம் மணலில் ஒரு விளையாட்டு. ஆட்களின் கண்ணைக் கட்டிவிட்டு, தலைவர் குரலாலேயே அவர்களை அலை ஓரத்தில் நட்ட கொடிவரை கொண்டுபோக வேண்டும்.

அருணகிரி ஆரம்பித்தார்.

“டேய் சுப்பிரமணி, ரைட்ல வாடா! எதுர படகு கீது பாரு, முட்டிக்கினு வுயப் போற! கண்ணத்தான கட்டினாங்கோ, மூளையுமா கட்டிட்டாங்கோ?”

“கத்தாத அண்ணாத்த, வந்துகினுதான கீறேன்! நீ இன்னா லெஃப்ட்ட ரைட்டுன்ற?”

“ஆமாண்டா, என்கு லெஃப்டு, உன்கு ரைட்டு. வா, வா, வாய மூடிக்கினு வா.”

கூச்சலும் சிரிப்புமாகப் போய்ச் சேர்ந்தார்கள். சந்தை மாதிரி இருந்தது. அடுத்து என் ஆட்கள். அப்போது மோசஸ் என் ஷிப்டில்தான் இருந்தான். அவன், கிருபாகரன், இன்னும் சிலர். நான் வழக்கமான குரலில் “நேரா வாங்க” என்றேன். வரிசையாக, ஒரு சத்தம் இல்லாமல் நடந்தார்கள். கொடி அருகே வந்ததும் “நில்லுங்க” என்றேன். அலைச் சத்தத்தில் அது காதில் விழவில்லைபோல. நடந்துகொண்டே இருந்தார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒருவரும் நிற்கவில்லை. ஒருவரும் கண்கட்டை அவிழ்க்கவில்லை. ஓட்டல் ஆட்கள் ஓடிப்போய்த்தான் பிடித்து நிறுத்தினார்கள். மோசஸ் ஒரு அலையில் விழுந்து உப்புத் தண்ணீர் குடித்துவிட்டான்.

“தண்ணி கால்ல பட்டப்பவே ஏன் நிக்கல?” என்று பிரதீபா கேட்டார்.

“சார் நில்லுன்னு சொல்லலியே மேடம்” என்றான் கிருபாகரன்.

“இடுப்பு வரைக்கும் வந்துடுச்சே!”

அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் ஏனோ சரியாக இல்லை.

அதற்கு அடுத்த வாரம் மோசஸ் ஆபீசில் கேட்டு அருணகிரி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். பஸ் வசதி என்று காரணம் சொன்னான். அவனுடைய ஊருக்குக் காலையில்தான் பஸ் அதிகம்; சரி, ஏதோ சொந்த வசதி.

நீங்கள் இங்கே தப்பு செய்தவனை என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அருணகிரியும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். திட்டுவார், தலையில் தட்டுவார், கொஞ்ச நேரத்தில் அவனுக்கே பஜ்ஜி வாங்கிக் கொடுப்பார். என் முறை வேறு. ஒருமுறை மீட்டிங்கில் நான் ஒரு கணக்குச் சொன்னபோது, “இல்ல சார், அது போன மாசக் கணக்கு” என்று ஷ்யாம் எதிரில் கிருபாகரன் திருத்தினான். அவன் சொன்னது சரிதான். நான் திட்டவில்லை. அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். வேலை சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவனிடம், “கிருபாவ மூணாவது பிரஸ்ஸுக்குப் போகச் சொல்லு” என்பேன். கிருபா அங்கேதான் நின்றுகொண்டிருப்பான். தீபாவளி போயிற்று, பொங்கல் வந்தது. ஒருநாள் சைக்கிள் ஷெட்டில் என் காலருகே உட்கார்ந்து அழுதான். “ரெண்டு அட்சிடு சார், பேசாம மட்டும் இருக்காத சார்” என்றான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் தங்கமான பையன். அவன் மட்டுமில்லை, எல்லோருமே.

வீட்டிலும் அப்படித்தான். என் மகள் சுஷ்மிதா என்னிடம் எதையும் சொல்வதில்லை. குறை இருந்தால்தானே சொல்வதற்கு.

இப்படி இரண்டு ஷிப்டையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் ஷ்யாம். தரத்தில் நான் மேலே. எண்ணிக்கையில் அருணகிரி கொஞ்சம் மேலே. நான் கவலைப்படவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“சாரதி சார், அருணகிரி ஷிப்ட்ல தினமும் ஒரு கம்ப்ளெயின்ட் வருது. பெல்ட் லூஸ், பிரஸ் சத்தம் மாறுது, தரையில எண்ணெய்ன்னு. உங்க ஷிப்ட்ல ஒண்ணுமே வர்றதில்ல. ரெண்டு பேரும் ஓட்டறது ஒரே மெஷின்தானே?”

“என் பசங்க பதமா ஓட்டுவாங்க, சார்” என்றேன்.

“அப்படியா? இல்ல, உங்ககிட்ட சொல்றதுக்கு பயப்படறாங்களா?”

நான் சிரித்துவிட்டு வந்தேன். குரலே உயர்த்தாதவனிடம் பயம். ஊரெல்லாம் கேட்கக் கத்துகிறவனிடம் பயம் இல்லை. இதை ஒரு படித்த பையன் நம்புகிறான். வாயால் சொல்லி அவனை மாற்ற முடியாது. கண் முன்னால் நிரூபித்துக் காட்ட வேண்டும். ஒரு ஆபத்து என்று வந்தால், திட்டுகிறவனிடம் போய் எவனும் அதைச் சொல்லமாட்டான். இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. சந்தர்ப்பம் மட்டும் வேண்டியிருந்தது.

அது தானாக வந்தது. அன்று கிருபாகரன் கிரேனுக்குக் கிரீஸ் போட ஏணியில் ஏறினான். இறங்கி வந்து என் மேஜை முன் நின்றான். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றான். அப்புறம்தான் சொன்னான், மேலே உருளையில் சுற்றியிருக்கும் கம்பி ரோப்பில் இழைகள் அறுந்து பிரிந்திருக்கின்றன என்று. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. “சரி, நான் பாத்துக்கறேன்” என்றேன். எங்கள் ஃபாக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. பழுதான மெஷினில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் அதை யாரும் தொடக்கூடாது. என்னிடம் வருவதற்கு முன்பே கிருபா கிரேனின் பட்டன் பெட்டியில் துணியைக் கட்டியிருந்தான். அவனும் இன்னும் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் அதை அவிழ்த்து, மடித்து, பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெரிய டை ஒன்றை பிரஸ்ஸில் மாற்ற வேண்டியிருந்தது. டை என்றால் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சு. அந்த டை ஒரு கார் அளவு எடை. கிரேன் இல்லாமல் அசைக்க முடியாது. அது என் ஷிப்டில் செய்ய வேண்டிய வேலை. மத்தியான ஷிப்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளி வைத்தேன்.

பிறகு மோசஸ் வரும்வரை தண்ணீர்த் தொட்டி அருகே காத்திருந்தேன். அருணகிரி ஷிப்டில் கிரேன் அவன் பொறுப்பு. ரோப்பைப் பற்றி அவனிடம் சொன்னேன். உங்கள் சாரிடம் நீயே சொல்லிவிடு என்றேன். ஆக, நான் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன். அவன் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அருணகிரி நடத்திய முறையின் லட்சணம்.

ஷ்யாமிடம் இவ்வளவுதான் சொல்வதாக இருந்தேன். ஆனால் அங்கே நடந்த பேச்சு இன்னும் கொஞ்சம் உண்டு. இனிமேல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? களைப்பாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

மோசஸ் பயப்படவில்லை. “ஐயையோ, இப்பவே போய் சொல்லிடறேன் சார்” என்று கிளம்பினான்.

“கத்துவாரே” என்றேன்.

“கத்தினா கத்தட்டும் சார். அவுரு கத்தறது இன்னா புச்சா? கத்திட்டு நிறுத்திடுவாரு.”

என் கேள்விக்கு விடை அங்கேயே, அந்தத் தொட்டி அருகிலேயே கிடைத்துவிட்டது. நான் நினைத்தது தப்பு. அத்தோடு விட்டிருக்கலாம். யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. அருணகிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நான் அவருக்குக் கீழே இருந்திருப்பேன், ஃபாக்டரி முழுக்கக் கூச்சலாக இருந்திருக்கும்.

நான் அவன் தோளில் கை வைத்தேன்.

“வந்ததும் வராததுமா சொன்னா மனுஷன் டென்ஷன் ஆவாரு. டீக்கு அப்புறம் சொல்லு.”

“டீக்கு முன்னாடியே அந்த டைய மாத்தணுமே சார்?”

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஷிப்டில் இருந்தவன். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

“சரி சார்” என்றான்.

நான் வீட்டுக்குப் போய்விட்டேன். நடந்ததை சுப்பிரமணி சொல்லித்தான் தெரியும். உங்களுக்கும் அவன்தான் சொல்லியிருப்பான். டையைத் தூக்கினார்கள். அது ஆடாமல் இருக்க சுப்பிரமணி ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய அதன் கீழே நின்றான். மேலே ஏதோ தெறித்த சத்தம் கேட்டதும் மோசஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “சார், ரோப்பு பிரிஞ்சிக்கீது சார்!” என்று அலறிவிட்டான். ஏன், எப்போது, யார் சொன்னது என்று அருணகிரி கேட்கவில்லை. “டேய் சோமாரி, வெளிய வாடா!” என்று ஓடிவந்து சுப்பிரமணியை இழுத்து எறிந்திருக்கிறார். சுப்பிரமணி வெளியே விழுந்தான். அவர் உள்ளே நின்றார்.

கடைசி வார்த்தையும் வசவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கருங்குழியில் அவர் சாவுக்கு மாலையோடு போனேன். இரண்டு ஷிப்ட் ஆட்களும் வந்திருந்தார்கள். என் ஆட்கள்தான் அதிகமாக அழுதார்கள். கிருபாகரன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். ஏனென்று எனக்குப் புரியவில்லை. அவர்களை ஒருநாளும் அவர் நடத்தியதில்லையே. அருணகிரியின் மனைவி லோகநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“உங்களப் பத்தி தெனம் சொல்வாரு சார். சாரதி சார் மாரி அமைதியா பேசக் கத்துக்கணும், என்கு வர மாட்டுதேன்னு கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு பேசிப் பாப்பாரு. புள்ளைங்கல்லாம் சிரிக்கும்.”

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்று மாலை துணி துவைக்க எடுத்த மனைவி, பாக்கெட்டிலிருந்த சிவப்புத் துணியைக் காட்டி என்னவென்று கேட்டாள். ஃபாக்டரி துணி என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவளும் எதையும் துருவிக் கேட்பவள் கிடையாது.

ஆக, இதுதான். டை மாற்றும் வேலையைத் தள்ளியது நான். துணியை அவிழ்த்தது நான். சொல்ல வந்தவன் வாயை அடைத்ததும் நான்தான். அருணகிரியைக் கொன்றது நான் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர்தான் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. யாராவது ஒரு ஆளுக்கு அடிபடும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

நீங்கள் மோசஸை அழைத்துவரச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அவனையே கேளுங்கள், நான் சொன்னதெல்லாம் உண்மையா இல்லையா என்று. இதோ வந்துவிட்டானே. இளைத்துப் போயிருக்கிறான்.

“வா மோசஸ். உக்காரு. பரவால்ல, நின்னாலும் சரி. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். தண்ணித் தொட்டிகிட்ட நான் உன்கிட்ட என்ன சொன்னேன்னு ஐயாகிட்ட சொல்லு. ஏன் என் மூஞ்சியப் பாக்கற? அவரப் பாத்து சொல்லு.”

“நான் இன்னா சொல்லணும் சார்?”

கேட்டீர்களா? இத்தனை நாள் நீங்கள் அதட்டியும் இவன் வாயிலிருந்து என் பெயர் வரவில்லை. இப்போதும் என்னைக் கேட்காமல் ஒரு வார்த்தை பேச மறுக்கிறான். அருணகிரிக்கு இப்படி ஒருத்தன் நின்றிருப்பானா? ஷ்யாம் இங்கே இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.